கேஸ் தீராது பாஸ்... கசியும்!

அப்பா கார் சாவியை நம்ம கையில கொடுக்கிற சந்தர்ப்பங்கள் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, ஊர்லேர்ந்து வர்ற அத்தையை ஸ்டேஷன்ல பிக்-அப் பண்ண. இன்னொண்ணு, "ஏ.சி. சரியா கூல் ஆகல, போய்க் காட்டிட்டு வா"னு மெக்கானிக்கிட்ட அனுப்ப. இந்த வாரம் ரெண்டாவது மேட்டர்!

மே மாச வெயில்ல எந்த கார் ஏ.சி. கடைக்குப் போனாலும் முதல்ல காதுல விழுற டயலாக், "கேஸ் தீர்ந்துடுச்சு தம்பி, ஃபில் பண்ணிடலாம்." நாமளும் தலையாட்டுவோம். கேஸ் ஏறும், பில் வரும், ஜில்லுனு காத்து வரும், கிளம்பிடுவோம். ரெண்டே மாசம்... மறுபடியும் அனல் காத்து. மறுபடியும் அதே டயலாக். மறுபடியும் அப்பா பர்ஸ்!

ஒரு நிமிஷம் யோசிங்க. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருஷா வருஷம் கேஸ் போடுறோமா? அது பாட்டுக்கு பத்து வருஷம் ஓடுதே! கார் ஏ.சி.யும் அதே தத்துவம்தான். கேஸ் ஒண்ணும் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சமாச்சாரம் இல்லை. கம்ப்ரஸர் அதை அழுத்தி சூடாக்கும். முன்னாடி ரேடியேட்டர் பக்கத்துல இருக்கிற கண்டன்ஸர்ல அந்தச் சூட்டை வெளியே விட்டுட்டு திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வுல நுழைஞ்சதும் அழுத்தம் சட்டுனு குறையும். டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயில்ல காருக்குள் இருக்கிற சூட்டை உறிஞ்சி மறுபடி வாயுவாகும். திரும்பவும் கம்ப்ரஸர். மூடின வட்டத்துக்குள்ள அதே கேஸ்தான் சுத்திக்கிட்டே இருக்கு.

அப்புறம் எப்படிக் குறையுது? ஃப்ரிட்ஜ்ல பைப்பெல்லாம் பத்த வெச்சு மூடியிருக்கும். கார்ல அப்படி முடியாது. கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட் சுத்தும். அதிர்வைத் தாங்க ரப்பர் ஹோஸ் வேணும். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஓ-ரிங் இருக்கும். இதனால பல வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா கேஸ் குறையுறது சகஜம். ஆனா ரெண்டு மாசத்துல காலின்னா எங்கேயோ ஓட்டை இருக்குனு அர்த்தம். ஓட்டையை விட்டுட்டு கேஸ் மட்டும் ஏத்துறது, பஞ்சர் ஒட்டாம தினமும் காத்து அடிக்கிற மாதிரி!

அதனால கடையில கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணே, லீக் செக் பண்ணீங்களா?" நைட்ரஜனை அழுத்தத்துல ஏத்தி, ஜாயின்ட்கள்ல சோப்பு நுரை தடவினா குமிழி காட்டிக்கொடுத்துடும். சில இடங்கள்ல சாயம் கலந்து, புற ஊதா விளக்குல பார்ப்பாங்க. நம்ம கண்ணுக்கும் ஒரு க்ளூ உண்டு. கேஸோட சேர்ந்து ஆயிலும் சுத்துறதால, கசியுற இடத்துல எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். காருக்கு அடியில தண்ணி சொட்டினா மட்டும் பதறாதீங்க. கூலிங் காயில்ல பிடிக்கிற ஈரம் அது, நல்ல அறிகுறிதான்!

ரெண்டாவது கேள்வி, "வேக்கம் போட்டீங்களா?" லீக்கை அடைச்சதும் பம்ப் வெச்சு உள்ளே இருக்கிற காத்து, ஈரம் எல்லாத்தையும் இழுத்துடணும். அழுத்தம் ரொம்பக் குறைஞ்சா தண்ணி சாதாரண சூட்டுலயே கொதிச்சு ஆவியாகும்ல, பிளஸ் டூ பிஸிக்ஸ்! ஈரம் உள்ளேயே தங்கினா வால்வுல ஐஸா உறைஞ்சு அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். பம்பை நிறுத்தின பிறகு கேஜ் முள் அசையாம நின்னா, சிஸ்டம் டைட்.

மூணாவது, "எத்தனை கிராம்?" எந்த கேஸ், எவ்வளவுங்கிறது பெரும்பாலான கார்கள்ல பானட்டுக்கு அடியில ஸ்டிக்கரா இருக்கும். சின்ன கார்கள்ல பெரும்பாலும் 300லேர்ந்து 500 கிராம். சிலிண்டரை எடை மெஷின்ல வெச்சு அளந்துதான் ஏத்தணும். "கொஞ்சம் எக்ஸ்ட்ரா போடுங்கண்ணே"ங்கிற பாசமெல்லாம் வேண்டாம். அளவுக்கு மேல போனா கூலிங் குறையும், அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் அவுட்!

சரி, 400 கிராம் கேஸ் காத்துல போனா என்ன குடி முழுகிடும்? இங்கதான் மேட்டர் சீரியஸ். பழைய கார்கள்ல இருந்த ஆர்-12 ஓசோனை ஓட்டை போடும்னு மொலினாவும் ரோலண்டும் 1974ல எச்சரிச்சாங்க. 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து அதுக்கு மூடுவிழா ஆரம்பிச்சது. பதிலுக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்கு சாது. ஆனா பூமியைச் சூடாக்குறதுல, நூறு வருஷக் கணக்குப்படி, கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல வில்லன். 400 கிராமை 'புஸ்ஸ்'னு திறந்துவிட்டா, சுமார் 200 லிட்டர் பெட்ரோலை எரிச்சதுக்குச் சமம். அந்தப் பெட்ரோல்ல சென்னையிலேர்ந்து கன்னியாகுமரிக்கு ரெண்டு தடவை போய் வரலாம்! 2016 கிகாலி உடன்பாட்டுப்படி இந்தியா இந்த வகை வாயுக்களோட அளவை 2028லேர்ந்து ஏறவிடாம நிறுத்தி, 2032லேர்ந்து படிப்படியா குறைக்கணும். அதனால பழைய கேஸைத் திறந்துவிடாம, மெஷின்ல உறிஞ்சி சேமிக்கிற கடையாப் பாருங்க.

இன்னொரு விஷயம், கடையில ஹோஸைப் பிடிச்சிருக்கிற பையன். அநேகமா நம்ம வயசு. ஆர்-134ஏ கொதிக்கிற வெப்பநிலை மைனஸ் 26 டிகிரி. திரவமா கையில தெறிச்சா தோல் உறைஞ்சுடும், கண்ல பட்டா பார்வைக்கே ஆபத்து. கிளவுஸும் கண்ணாடியும் இல்லாம அவன் வேலை பார்த்தா, "போட்டுக்க பாஸ், நான் வெயிட் பண்றேன்"னு சொல்லுங்க. 'சீப்பா முடிச்சுடலாம்'னு சமையல் கேஸை ஏத்தச் சொன்னா, உடனே வண்டியைத் திருப்புங்க. கூலிங் காயில்ல ஒரு கசிவு, பக்கத்துல ஒரு தீப்பொறி... அவ்வளவுதான்.

கடைசியா ஒரு ஃப்ரீ டிப்ஸ். கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேபின் ஃபில்டரைக் கழட்டித் தட்டிப் பாருங்க. கண்டன்ஸர்ல சேறு அப்பியிருக்கா, ஏ.சி. போட்டதும் முன்னாடி ஃபேன் சுத்துதானு பாருங்க. பல நேரம் பிரச்னை அங்கேயே முடிஞ்சுடும். மிச்சமாகுற காசுல அப்பாகிட்ட பெட்ரோல் போட்டுக் கேளுங்க. சாவி கிடைக்கிற மூணாவது சந்தர்ப்பம் அதுவாக்கூட இருக்கலாம்!