பிக்கப் வண்டியில் இரும்புக் கம்பி, பெரிய டயர்... காடு மலை சுத்தக் கிளம்புறவங்க கவனத்துக்கு!

டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் மாதிரி பிக்கப் வாங்கியதும் முன்பக்கம் இரும்புக் கம்பி, பெரிய டயர்னு மாட்டத் தோணும். சட்டம் என்ன சொல்லுது?

தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அபராதம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி. மூணு மாத்தினா 15,000!

இரும்புக் கம்பியில் அபராதத்தை விடப் பெரிய ஆபத்து இருக்கு. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதியை அது தடுக்கும். ஏர்பேக் நேரத்துக்கு விரியாமல் போகலாம். குறுக்கே வருபவருக்கும் அடி பலமா விழும். அதனால்தான் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

பின்தொட்டியில் ஏற்றி இறக்கும் டென்ட், அடுப்பு, தண்ணி கேன் எல்லாம் வெறும் சாமான்தான். அதுக்கு இந்தச் சிக்கல் இல்லை.