வாயைக் கட்டச் சொல்வதோடு முடிந்ததா?

"வாயைக் கட்டாததால்தான் தோட்டத்து ஆட்களுக்கு இனிப்புநீர் முற்றுகிறது" என்கிறார்கள். பழியை நோயாளி தலையில் போடுவது எளிது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4. அந்த ஆய்வில் நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. தெரியாத நோய்க்கு எவர் வாயைக் கட்டுவார்?

ரிங்லெட் தேயிலைச் சரிவில் நிற்பவருக்கு நீரிழிவால் பாதம் மரத்துப்போயிருந்தால், பூட்ஸுக்குள் கிடக்கும் கல் குத்துவது உறைக்காது. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடவும், இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கவும் யாராவது சொல்லித்தர வேண்டும். உடம்பைப் பேணுவது நோயாளியின் கடமைதான். அதற்கு நேரம் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. கிளினிக் போகும் நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிறகு அறிவுரை சொல்லுங்கள்.