படியைக் குறைக்காதே, படிக்கக் கை கொடு!



தாதியர் டிப்ளோமா படிப்பில் சேர எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து கிரெடிட் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பூட்டிய கதவு, அதை மூன்றாகக் குறை என்று ஒரு குரல் மீண்டும் மீண்டும் எழுகிறது. ராசாவிலும் பத்தாங் காலியிலும் கோல சிலாங்கூரிலும் நம் தோழர்கள் சிலரே அதற்குத் தலையாட்டுகிறார்கள். ஏழைக்குப் பரிந்து பேசும் இந்தக் குரல் ஏழையின் கழுத்துக்கே சுருக்காக முடியும் என்று அடித்துச் சொல்கிறேன்.

மூன்று கிரெடிட் நாம் பார்க்காததா? 2010ஆம் ஆண்டளவில்தான் அது ஐந்தாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் தனியார் கல்லூரிகள் காளான்போல் முளைத்தன. கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். கடன் இருந்தது. பிள்ளை தேறினாலும் தேறாவிட்டாலும் கல்லூரிக்குப் பணம் வந்து சேர்ந்தது. படித்து வெளியேறிய ஆயிரக்கணக்கானோர் வெள்ளை உடுப்பை மடித்து வைத்துவிட்டு வேலை தேடி அலைந்தார்கள். கடன் யார் தலையில் விழுந்தது? கல்லூரி முதலாளியின் தலையிலா? பிள்ளையின் தலையில், அவள் பின்னால் நின்ற குடும்பத்தின் தலையில்!

பால்மரம் வெட்டும் நமக்கு இது விளங்காதா? 45 சென்டிமீட்டர் சுற்றளவு வராத மரத்தில் கத்தி வைப்போமா? வைத்தால் பாலும் இல்லை, மரமும் இல்லை. அதற்காக அளவைக் குறை என்று எவனாவது கேட்பானா? கன்றுக்கு உரம் போடு, களை எடு என்றுதான் கேட்பான்.

மிஸ்ஸியின் வேலை ஊசி தூக்குவது மட்டுமல்ல. 500 மில்லிலிட்டர் மருந்து நீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஏறத்தாழ 42. இந்தக் கணக்குத் தவறினால் படுக்கையில் கிடப்பவன் உயிர் தவறும். அந்தப் படுக்கையில் கிடப்பது பெரும்பாலும் யார்? துரையா? அவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். கிடப்பது நீயும் நானும்!

தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. தொழிலாளியின் உடம்பு கண்டவர் கைவைக்கும் பொருளல்ல என்பதே அதன் பொருள். அதே தொழிலாளியின் வாரிசுகள் இன்று "தகுதியைக் குறை" என்று கேட்கலாமா?

"அப்படியானால் தோட்டத்துப் பிள்ளைக்கு மூளையில்லை என்கிறீரா?" என்று சிலர் சீறலாம். அப்படிச் சொல்பவன் வாயை முதலில் அடைப்பவன் நான்தான். ஆறு ஆண்டு தமிழில் படிக்கிறாள். இடைநிலைப் பள்ளியில் மலாயில் படிக்கிறாள். தாதியர் கல்லூரியில் தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்குகிறாள். மூன்று மொழியில் மூன்று மலை ஏறுகிறவளுக்கா மூளையில்லை? அவளுக்கு இல்லாதது டியூஷன் காசு. இரவில் படிக்க ஓர் அமைதியான இடம். "இந்தப் பாடத்தை எடு" என்று வழிகாட்ட ஓர் ஆள். இவை எதையும் கொடுக்காமல் வாசலை மட்டும் அகலத் திறப்பது, நீந்தத் தெரியாதவளை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுவதாகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், ஆங்கிலம் மாலை வகுப்பு. நிர்வாகம் மண்டபமும் விளக்கும் தரட்டும். கிராணிமார்களே, கணக்குச் சொல்லிக் கொடுக்க நாம் வருவோம்!

இரண்டு: ஐந்தை எட்டாத பிள்ளை, குறைந்த பாடத்தை மீண்டும் எழுத உதவி. அந்த ஓர் ஆண்டு வீணல்ல. கடனோடு வீடு திரும்பும் மூன்று ஆண்டுதான் வீண்.

மூன்று: ஒவ்வொரு கல்லூரியும் சேர்த்தவர் எத்தனை, தாதியர் வாரியத் தேர்வில் தேறியவர் எத்தனை, வேலை பெற்றவர் எத்தனை என்று ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநில வாரியங்கள் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகின்றன. பால் ஸ்டோரில் நம் பாலை நிறுத்து எழுதுகிறார்களே, நம் பிள்ளைகளைச் சேர்க்கும் கல்லூரியை நிறுத்துப் பார்க்கக் கூடாதா?

பெற்றோரே, இந்த மூன்று எண்ணையும் சொல்லாத கல்லூரியின் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்! கிளைத் தலைவர்களே, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்!