கம்பியைச் செருகினால் மட்டும் போதாது

வார்டுக்குப் புதிய கணினி வந்துவிடுகிறது. மருத்துவமனையின் வலையமைப்பில் அது இணைக்கப்படவோ சில நாட்கள் ஆகின்றன. அதுவரை செவிலியர் அடுத்த வார்டுக்குச் சென்றே ஆய்வக முடிவுகளைப் பார்த்து வர நேர்கிறது. "கம்பியைச் செருகினால் போதாதா?" என்று நோயாளியுடன் இருப்போர் கேட்பது இயல்பே. போதாது என்பதே எங்கள் கருத்து.

வெளிநோயாளர் பதிவு, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படங்கள், மருந்தகம் எனப் பல பணிகள் ஒரே வலையமைப்பைச் சார்ந்து நடக்கின்றன. ஒரு கணினியில் புகும் வைரஸ் மற்றவற்றுக்கும் பரவக்கூடும். 2017 மே 12 அன்று ‘வானாக்ரை’ என்னும் தீநிரல் பல நாடுகளில் பரவியபோது, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவும் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மருத்துவரைக் காணக் குறித்திருந்த நேரங்கள் கைவிடப்பட்டன. அந்நிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றாத கணினிகளே இரையாயின. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, நோயாளிகளைப் பதிவு செய்வது முதலான பணிகள் பல நாட்கள் கையால் எழுதியே நடைபெற்றன.

ஆகவே, திருத்தங்களை ஏற்றுதல், வைரஸ் தடுப்பு நிரலை நிறுவுதல், பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் அளித்தல், யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என வரையறுத்தல் ஆகியவை முடிந்த பின்னரே ஒரு கணினி இணைக்கப்பட வேண்டும். அவசரம் கருதி இவற்றுள் எதனையும் விட்டுவிடலாகாது.

ஆயினும், அந்தக் காத்திருப்பின் சுமை நோயாளியின் மீது விழுதல் முறையன்று. இணைப்பு இல்லை என்பது சிகிச்சைத் தாமதத்திற்குக் காரணமாகக் கூடாது. முடிவுகளைத் தாளில் அனுப்புவதற்கும், அவசர முடிவுகளைத் தொலைபேசியில் கூறி, கேட்டவரைத் திரும்பச் சொல்லச் செய்து சரிபார்ப்பதற்கும் ஏற்பாடு எப்பொழுதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இது மருத்துவமனையின் கடமை.

உங்களிடம் நாங்கள் வேண்டுவனவும் சில உள்ளன. வார்டுக் கணினியில் கைப்பேசியைச் செருகி சார்ஜ் செய்யாதீர்கள். வெளியில் எடுத்த ஸ்கேன் படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்தால், அதனைச் செவிலியரின் கணினியிலேயே போட்டுப் பார்க்குமாறு வற்புறுத்தாதீர்கள். எங்கே சோதித்து ஏற்றுவார்கள் என்று கேட்டு அங்கே கொடுங்கள். வைஃபை வேண்டி, பணியாளரின் கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம், அண்மைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகலை ஒரு கோப்பில் இட்டு உடன் கொண்டுவாருங்கள். வலையமைப்பு செயலிழக்கும் நாளில், உங்கள் உடல்நிலையை மருத்துவருக்கு உடனே எடுத்துரைக்கப்போவது அந்தக் கோப்பே.