கடல் மட்டத்துக்கு மேலே

ஓசூர் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு மஞ்சள் போர்டு உண்டு. ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறோம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அடியில் சொன்னால் கிட்டத்தட்ட 3,000. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஒரு வரியோடு சரி.

மற்றபடி எங்களிடம் எல்லாம் இருக்கிறது. சிப்காட் இருக்கிறது, ரோஜாத் தோட்டம் இருக்கிறது, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திரும்பிக் கன்னடத்தில் முடிகிற சண்டைகள் இருக்கின்றன. கடல்தான் இல்லை. போன வருஷம் என் பையன், "கடல்னா எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டான். "அலை அடிக்கும், நுரை வரும்" என்று விளக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு ரவுண்டு கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் தப்பு நடந்தது. பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, ஷட்டரைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேர் என்று நுரை கிளம்புமே... அதைப் பார்த்தான். மறுநாள் ஸ்கூலில் போய், "நான் கடல் பாத்துட்டேன் மிஸ். நாத்தம் அடிக்குது" என்று சொல்லியிருக்கிறான்.

தென்பெண்ணையே எங்கள் ஊரைத் தாண்டி, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, தட்டுத் தடுமாறிக் கடலூர் பக்கம் போய்க் கடலில் விழுந்துவிடுகிறது. இத்தனை நுரையைச் சுமந்துகொண்டு ஒரு ஆறு போகிறது, டிக்கெட் எடுத்து நம்மால் போக முடியாதா என்று ரோஷம் வந்துவிட்டது.

வீட்டில் மாநாடு கூட்டினேன். மனைவி கோவா என்றாள். அவள் ஆபீஸில் எல்லோரும் கோவா போய் ஒரே மாதிரி தொப்பியோடு திரும்பி வருகிறார்களாம். மச்சான், "எதுக்கு மாமா அவ்ளோ தூரம்? பிடதி பக்கம் அலை அடிக்கிற நீச்சல் குளமே இருக்கு. சைரன் ஊதினா அலை வரும், ஊதலேன்னா நின்னுடும். சேஃப்டி!" என்றான். ஷிப்ட் சைரனுக்கே எழுந்து உட்காருகிற பரம்பரை நாங்கள். அலைக்கும் சைரனா?

அம்மாதான் தீர்ப்பு சொன்னாள். "உங்க அப்பாவுக்கு அறுபது வருது. திருக்கடையூர்ல சாந்தி பண்ணணும். அங்கேர்ந்து கூப்பிடு தூரத்துல தரங்கம்பாடி. அவர் பொறந்த ஊர்ல இல்லாத கடலா?"

அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்பா தரங்கம்பாடியிலிருந்து 1986-ல் ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். தாத்தா அங்கே டீக்கடை வைத்திருந்தார். தாத்தா போன பிறகு கடை போயிற்று, வீடு போயிற்று. அம்மாவுக்கு மாயவரம். மாமா வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று மாயவரம் வரைக்கும் அப்பா வருவார். அங்கிருந்து தரங்கம்பாடி 30 கிலோமீட்டர்தான். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த 30 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. ஒரு தடவை மழை, ஒரு தடவை வெயில். ஒரு தடவை போர்வெல் போடுகிறவன் வருவதாகச் சொல்லியிருந்தான். ஒரு வருஷம், வீட்டு முருங்கை மரம் காற்றில் சாய்ந்துவிடும் போலிருக்கிறது என்று முதல் பஸ்ஸில் ஓசூர் திரும்பினார். மரம் அப்படியேதான் இருக்கிறது, தினம் சாம்பாரில் பார்க்கிறேன்.

சரி, இந்தத் தடவை விடுவதில்லை என்று திட்டத்தில் இறங்கினேன். பி.காம். படித்தவன் டூர் போட்டால் எப்படி இருக்கும்? முதலில் எக்ஸெல் ஷீட். கார் என்றால் 400 கிலோமீட்டர், டோல், டீசல், மச்சானின் அறிவுரை. ரயில் என்றால் மைசூரிலிருந்து வருகிற எக்ஸ்பிரஸ் ராத்திரி ஓசூரில் நிற்கிறது, காலையில் மயிலாடுதுறை. (முன்பெல்லாம் அங்கிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1980-களில் நிறுத்திவிட்டார்கள்.) தங்குவதற்குக் கடலோரத்தில் ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி வாடகையைப் பார்த்ததும் போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அதற்கு முன்தினம்தான் படித்திருந்தேன்... தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டென்மார்க்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது வருஷத்துக்கு 3,111 ரூபாய்க்கு. ஊருக்கே அதுதான் வாடகை, கடல் வியூவோடு சேர்த்து.

இந்த டென்மார்க்காரர்கள் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு என் திட்டத்தின் மேல் ஒரு தைரியம் வந்தது. அந்த மாதிரி சொதப்பலான டூர் உலகத்திலேயே நடந்திருக்காது. 1618 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பினார்கள். தலைவர் ஓவே ஜெத்தே, வயசு இருபத்தி சொச்சம். கிளம்பியது தரங்கம்பாடிக்கு அல்ல, இலங்கைக்கு. கண்டி ராஜா போர்ச்சுகீசியர்களை விரட்ட உதவி கேட்டார், போனால் மிளகும் பட்டையும் கிடைக்கும் என்று கணக்கு. அட்லாண்டிக்கில் இறங்கி ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து சேர 1620 மே ஆகிவிட்டது. ஒன்றரை வருஷம்! வழியிலேயே ஆட்களில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். இறங்கினால் கண்டி ராஜா, "அதெல்லாம் அப்போ" என்று கையை விரித்துவிட்டார். முன்னாடியே அனுப்பின கப்பலை போர்ச்சுகீசியர்கள் காரைக்கால் பக்கம் காலி பண்ணிவிட்டார்கள். அதில் தப்பின ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர, அவர் மூலமாக நாயக்கரோடு பேச்சுவார்த்தை. 1620 நவம்பரில் ஒப்பந்தம். இலங்கைக்கு டிக்கெட் வாங்கி, தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அதுதான் டேன்ஸ்போர்க், இன்றைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

1706-ல் சீகன்பால்கு அந்தக் கரையில் வந்து இறங்கியதும், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சானதும் பள்ளிப் பாடத்தில் வருகிற சமாசாரம். 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களிடம் தள்ளிவிட்டுப் போனதையும் பாடத்தில் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்த ஆள் பாடத்தில் வராதவர். பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே. சாதாரண ஆள். கம்பெனி டென்மார்க்கில் திவாலாகிவிட்டது, கப்பல் வருவது நின்றுவிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஊரிலிருந்து ஒரு கப்பலும் இல்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, 1655-ல் பார்த்தால் கோட்டையில் மிச்சம் இருந்த டென்மார்க்காரர் இவர் ஒருத்தர்தான். சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, லீவு கேட்க மேலதிகாரி இல்லை. இருந்தாலும் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, ஊரைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1669-ல் ஒரு வழியாகக் கப்பல் வந்தது.

இதை நான் ராத்திரி சாப்பாட்டின்போது உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன், "தெனமும் கடலைப் பாத்துட்டே இருந்தாரா?" என்று கேட்டான்.

"ஆமா, கப்பல் வருதான்னு பாக்கணும்ல?"

அப்பா தட்டில் கை கழுவிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மோர் சாதம் பாக்கி இருந்தது. எங்கள் வீட்டில் மோர் சாதத்தை விட்டு எழுந்திருப்பது அவ்வளவு லேசில் நடக்காது. அம்மா என்னைப் பார்த்துத் தலையை மாடிப் பக்கம் ஆட்டினாள்.

நான் போனபோது தண்ணி டேங்க் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா, டூர் வேணாமா? வேணாம்னா சொல்லிடுங்க. இன்னும் டிக்கெட் போடல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "2004-ல அரைப் பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போறதா இருந்தோமே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

இல்லாமல் என்ன? எனக்குப் பன்னிரண்டு வயசு. துணியெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், டபுள் சம்பளம் என்று அப்பா கேன்சல் பண்ணிவிட்டார். ரெண்டு நாள் அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டிசம்பர் 26. சாயங்காலம் டி.வி. பார்த்த பிறகு அழுகை நின்றுவிட்டது. அப்போது தரங்கம்பாடி நாகை மாவட்டத்தில் இருந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். 'நல்ல வேளை, ஓவர்டைம் காப்பாத்துச்சு' என்று எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் பல பேரிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவன் ஒருத்தன். மீன்காரப் பையன். 24-ந் தேதி ராத்திரி பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் பண்ணான். 'ஞாயித்துக்கிழமை காலைல வந்துடுவேல்ல? வஞ்சிரம் எடுத்து வைக்கிறேன், கரைக்கே வந்துடு'ன்னான். வரலைன்னு நான் சொல்லல. ஓவர்டைமுக்காக வரலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'பாக்கலாம்டா'ன்னு வெச்சுட்டேன்."

கீழே யாரோ குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"அவன் தெனமும் காலைல கரையில நிக்கிறவன்தான். அன்னிக்கு எப்பவும் போல நின்னானா, எனக்காக நின்னானா... அது ஒண்ணுதான் தெரியல."

எனக்கு அந்த ஜனவரியில் வாங்கின சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது. சிவப்புக் கலர். பொங்கலுக்கு முன்னால் திடீரென்று ஒரு நாள் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். மத்திகிரி வரைக்கும் ஓட்டிப் போவேன். அது எந்தப் பணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பற்று எது, வரவு எது என்று மூன்று வருஷம் காலேஜில் படித்தவன், அந்த சைக்கிளை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"அவன் பையன் இப்போ அங்கதான் கடை வெச்சிருக்கானாம். உங்க மாமாகிட்ட நம்பர் இருக்கு" என்றார் அப்பா. "ரொம்ப வருஷமா இருக்கு."

அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கீழே வந்து எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோட்டை, மியூசியம், கடல் பாதி விழுங்கிவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் என்று மணிவாரியாகப் போட்டிருந்தேன். 'காலை 6 முதல் 8 வரை: கடற்கரை' என்று ஒரு வரி. அதை அழிப்பதா, வைப்பதா?

கால் மணி நேரம் கழித்து அப்பா இறங்கி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஷீட்டைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன, திங்கக்கிழமை காலைல போய்ச் சேர்ற மாதிரி போட்டிருக்கே?"

"அன்னிக்குத்தான்ப்பா உங்க நட்சத்திரம். காலைல இறங்கி நேரா திருக்கடையூர்..."

"ஞாயித்துக்கிழமை காலைல போய்ச் சேர்ற மாதிரி பாரு."

ரயில்வேக்காரர்கள் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாக ஆக்கியது 2024 நவம்பரில். சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு அறுபதாவது நாளே நான் போட்டிருக்க வேண்டும். திட்டம் போட்டுப் போட்டே நாற்பது நாளுக்கு வந்துவிட்டேன். ஐந்து பேருக்கும் வெயிட்டிங் லிஸ்ட். முதியோர் சலுகை கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். அதை 2020-லேயே நிறுத்திவிட்டார்கள். "அறுபது ஆறதுக்குள்ள அவசரப்பட்டு நிறுத்திட்டாங்களா?" என்று அம்மாவுக்கு ரயில்வே மேல் தீராத வருத்தம்.

அப்பா மாமாவுக்கு போன் போட்டு நம்பர் வாங்கினார். அந்த நம்பரை ஒரு பேப்பரில் எழுதிக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் சுற்றினார். மூன்றாவது நாள் காலையில், வாசலில் நின்றபடி போன் பண்ணினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிற மனிதர், அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. உள்ளே வந்து, "வஞ்சிரம் எடுத்து வைக்கிறேன்னு சொல்றான்" என்றார்.

இங்கேதான் புதுச் சிக்கல். மனைவி மெல்ல ஆரம்பித்தாள். "என்னங்க, திங்கக்கிழமை கோயில்ல சாந்தி. மாமாவும் அத்தையும் மாலையும் கழுத்துமா உக்காரணும். முதல் நாள் மீனா?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். வெள்ளி, செவ்வாய், கார்த்திகை, கிருத்திகை என்று மாசத்தில் பாதி நாள் முட்டைகூட வீட்டுக்குள் வர விடாத அம்மா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக்கலாம். இருபது வருஷமா எடுத்து வெச்ச மீனு. அபிராமிக்குத் தெரியாதா?"

இன்றைய நிலவரம், வெயிட்டிங் லிஸ்ட் 9.