சாளரம் விரிந்தது, சித்திரம் வரவில்லை

சென்ற ஞாயிறன்று இரத்மலானையிலுள்ள தமக்கையார் வீட்டிற்குப் போயிருந்தேன். உயர்தர வகுப்பிற் படிக்கும் மருமகன் முகம் வாடியிருந்தான். அவனுடைய கணினியிலே சாளரமொன்றின் ஓரத்தைப் பிடித்திழுத்துப் பெரிதாக்கினால், புதிதாய் விரிந்த இடத்திற் கறுப்புப் பட்டையொன்று தோன்றுகிறதாம். சில வேளை உடனே மறையும். சில வேளை அப்படியே நிற்கும். திரை பழுதென்று திருத்துநர் ஒருவர் கூறிவிட்டார். புதுத் திரைக்குப் பணம் தேடவேண்டுமே என்பது தமக்கையாரின் கவலை.

"தம்பி, பட்டை நிற்கும்போதே திரையைக் கணினியாற் படம்பிடித்து எனக்கு அனுப்பு," என்றேன். என் கைத்தொலைபேசிக்கு வந்த படத்திலும் பட்டை இருந்தது! திரைக் கண்ணாடியின் பழுது அத்தகைய படத்தில் ஏறாது. ஆகவே குற்றம் திரையினுடையதன்று.

"அப்படியானால் யாருடையது, மாமா?"

அவன் கணினி லினக்ஸில் இயங்குவது. அங்கே சாளரத்தை அமைப்பது ஒரு மென்பொருள். உள்ளே எழுத்தும் படமும் தீட்டுவது வேறொன்று. முன்னதை மேசன் என்றும், பின்னதை வர்ணம் பூசுபவர் என்றும் கொள்வோம். 1984இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் றொபேட் ஷைஃப்லரும் ஜிம் கெற்றிஸும் தொடங்கிய 'எக்ஸ்' முறையிலே, மேசன் சுவரை நீட்டிவிட்டே பூசுபவருக்குச் செய்தி அனுப்புவார். அவர் வரும்வரை சுவர் வெறுமையாய் நிற்கும். கடைசி அளவை அவர் கவனியாது விட்டாலோ, பட்டை தங்கிவிடும். பூசுபவர் வலையமைப்பின் மறுமுனையில், வேறொரு கணினியில் இருக்கவுங்கூடும் என்றெண்ணி வகுத்த முறையாகையால், அவருக்காகக் காத்திருத்தல் அதன் இயல்பன்று. பிற்காலத்தில் இருவரும் ஒத்துப்போக ஓர் உடன்பாடு வகுத்தனர். அதை எல்லா மென்பொருள்களும் மதிப்பதில்லை.

2008இல் கிறிஸ்ரியன் ஹோக்ஸ்பேர்க் தொடங்கிய 'வேலண்ட்' முறை வேறு. இங்கே மேசன் வேண்டிய அளவைக் கூறிக் காத்திருப்பார்; அந்த அளவிலே தீட்டிய படம் கைக்கு வந்தபின்பே சாளரம் விரியும். பூசுபவர் மந்தமானால் சாளரம் சுட்டியின் பின்னே தள்ளாடி வரும். வெறுஞ்சுவரிலும் தாமதமே மேலென்பது என் கருத்து. மருமகன் ஒப்பவில்லை, இளைஞருக்குப் பொறுமை ஏது!

உள்நுழையும் பக்கத்தில் வேலண்டைத் தெரிவுசெய்து பார்த்தோம். ஒரு பழைய மென்பொருளைத் தவிர மற்றெல்லாவற்றிலும் பட்டை மறைந்தது. அந்தப் பழையது வேலண்டினுள்ளும் எக்ஸ் முறையிலேயே ஓடுவது. தமக்கையார் எடுத்துவைத்த பணத்தைத் திரும்பவும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தேநீர் கொண்டுவந்தார்.