ஆதாரமின்மை யாருக்குச் சாட்சி?

கடவுள் குறித்த விவாதங்கள் நம்மிடையே பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிந்துவிடுகின்றன. "உண்டு என்பதற்கும் ஆதாரமில்லை, இல்லை என்பதற்கும் ஆதாரமில்லை. ஆகவே நாத்திகமும் ஒரு நம்பிக்கைதான். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு." இதைச் சொன்னவர் நடுநிலையாளர் என்ற பெயரோடு எழுந்துபோகிறார். கேட்டவர்களும் தலையசைக்கிறார்கள். சிந்திப்பதிலிருந்து தப்பிப்பதற்குக் கிடைத்த கௌரவமான சாக்கு இது என்பதே என் தரப்பு.

"ஆதாரமில்லை" என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். இன்மையும் அறிவுக்கருவி ஆகுமா என்பது நம் மரபுக்குப் புதிய கேள்வியல்ல. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அவற்றுள் அபாவமும் ஒன்று. குமாரில பட்டர் வழிவந்த மீமாம்சகர்கள் இதனை அனுபலப்தி என்று விரிவாக ஆராய்ந்தனர். தரையில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? வெளிச்சம் இருக்கிறது, கண்ணில் பழுதில்லை, குடம் இருந்திருந்தால் தென்பட்டிருக்கும். தென்படவில்லை, எனவே இல்லை. இருந்தால் தென்பட்டே ஆகவேண்டிய பொருள் தென்படாதபோது, அந்தத் தென்படாமையே இல்லாமைக்குச் சாட்சி. இருட்டறையில் குடம் தென்படாததற்கு அந்த மதிப்பு கிடையாது.

ஆகவே எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கேட்டாக வேண்டும். வேண்டுதலுக்குச் செவிசாய்த்து நோய் தீர்க்கும் கடவுள், வெளிச்சமுள்ள தரையில் இருப்பதாகச் சொல்லப்படும் குடம். அவர் செயல்பட்டால் தடயம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகளிடம் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. ஆய்வுக்குப் பெரும்பங்கு நிதி தந்தது, சமயத்தின்பால் பரிவு கொண்ட டெம்பிள்டன் அறக்கட்டளை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று அறியாதவர்கள் இரு குழுக்களாக இருந்தனர். பிரார்த்திக்கப்பட்ட குழுவில் 52 விழுக்காட்டினருக்கும், பிரார்த்திக்கப்படாத குழுவில் 51 விழுக்காட்டினருக்கும் சிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் நேர்ந்தன. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாக அறிந்திருந்த மூன்றாம் குழுவிலோ 59 விழுக்காடு. ஓர் ஆய்வு கடவுளை இல்லாமல் ஆக்கிவிடாது என்பது உண்மைதான். ஆனால் "இரு பக்கமும் ஆதாரமில்லை" என்ற வாக்கியத்தை இங்கே சொல்ல முடியாது. தேடத்தக்க இடத்தில் தேடினார்கள், கிடைக்கவில்லை.

உடனே பதில் வரும்: கடவுளைச் சோதிக்கலாகாது, அவர் அளவைகளுக்கு அப்பாற்பட்டவர். நல்லது. அப்படிச் சொல்பவர் குடத்தை இருட்டறைக்கு நகர்த்திவிட்டார். உலகில் எது நடந்தாலும் பொய்யாகிவிடாத ஒரு கடவுளைக் காப்பாற்றிக்கொண்டார். அதற்கு விலையாக, மழை தருபவரையும் பிள்ளைவரம் தருபவரையும் இழந்தார். விவாதத்தில் அளவைக்கு எட்டாத கடவுள், வீட்டில் வரம் தரும் கடவுள் என்று இருவரை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது என்ன நேர்மை?

நம் பழைய ஆத்திகர்கள் இந்தச் சலுகையைக் கேட்டதில்லை. தோன்றி, நின்று, அழியும் உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என்று சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே மெய்கண்டார் அனுமானத்தால் நிறுவ முனைகிறார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பிற சமயத்தாரின் வாதங்களை எடுத்துவைத்து மறுக்கிறார். குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு ஒருவன் என்னும் அனுமானம் எனக்கு உடன்பாடில்லை; குயவன் குடம் வனைவதைக் கண்டிருக்கிறோம், உலகம் ஆக்கப்படுவதைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் அவர்கள் வாதக்களத்தில் நின்றார்கள். "ஆதாரம் எதற்கு?" என்பது அவர்களது வாரிசுகள் திறந்துகொண்ட பின்வாசல்.

நாத்திகமும் நம்பிக்கைதான் என்பதற்கு பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952இல் எழுதிய கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றிவருகிறது, எந்தத் தொலைநோக்கிக்கும் அது தெரியாது என்று ஒருவர் சொன்னால் யாராலும் பொய்யென நிறுவ முடியாது. அதற்காக, கெண்டியை ஏற்காதவரை மற்றொரு மதத்தவர் என்று நாம் அழைப்பதில்லை. நிறுவும் பொறுப்பு உண்டு என்பவருடையது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தொடாமல் வெல்வது வெற்றியாகாது. வில்லியம் ஜேம்ஸ் 1896இல் நம்பும் விருப்பம் குறித்து ஆற்றிய உரைதான் அந்த வாதம். சில கேள்விகளில் ஆதாரத்துக்காகக் காத்திருப்பதே ஒரு முடிவாகிவிடுகிறது. வாழ்வைத் தீர்மானிக்கும் அத்தகைய தேர்வை அறிவால் தீர்க்க இயலாதபோது, உள்ளம் சாயும் பக்கம் சாய நமக்கு உரிமையுண்டு என்கிறார். ஒரு ரயில் நிறைந்த பயணிகளைச் சில கொள்ளையரால் சூறையாட முடிவது எதனால்? தான் எழுந்தால் பிறரும் எழுவர் என்று எவரும் நம்பாததால். நம்பிக்கை முந்திக்கொண்டால் மட்டுமே மெய்யாகும் செய்திகளும் உலகில் உண்டு.

இதை ஏற்கிறேன். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அவன் எங்கோ ஒருவரின் மடியில் இருக்கிறான் என்று நம்பி மறுநாள் அடுப்பைப் பற்றவைத்தால், அவளைப் பகுத்தறிவற்றவள் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் ஜேம்ஸ் தருவது தன் பொறுப்பில் துணிபவருக்கான உரிமை மட்டுமே. அவர் எதிர்த்து வாதிட்ட கிளிஃபர்ட், 1877இல் ஒரு கப்பல் உரிமையாளரைக் கற்பனை செய்தார். கப்பல் பழையது என்று அவருக்குத் தெரியும். ஐயத்தை அடக்கிக்கொண்டு, தெய்வம் காக்கும் என்று உளமார நம்பி, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அது கரைசேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்பது கிளிஃபர்டின் தீர்ப்பு. நம்பும் உரிமையை அவர் ஈட்டியிருக்கவில்லை. 1944இல், ஒன்பது வயதுச் சிறுமியைத் தெருவில் சமய இதழ்கள் விற்க அழைத்துச்சென்ற காப்பாளரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்டைத்தான் வரைந்தது: பெற்றோர் தம்மைத் தியாகிகளாக்கிக்கொள்ளலாம், தாமே முடிவெடுக்கும் வயதை எட்டாத பிள்ளைகளைத் தியாகிகளாக்க முடியாது.

மருந்தை நிறுத்திவிட்டு மகளைத் திருநீற்றுக்கும் ஜெபத்துக்கும் ஒப்படைப்பவர், தன் கப்பலில் தான் ஏறவில்லை. அவரிடம் போய் "அவரவர் நம்பிக்கை" என்று சொல்வது நடுநிலையா? அடுத்த முறை அப்படிச் சொல்லிவிட்டு ஒருவர் எழுந்துபோக முற்பட்டால், அமரச் சொல்லுங்கள். எந்தக் கடவுள், இருந்தால் என்ன தடயம், தவறினால் நட்டம் யாருக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டுப் போகட்டும்.